பரிணாமம் மட்டும் வேண்டாம் என்றாய்

அன்புள்ள அப்பு,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. குஜிலியம்பாறைப் பக்கம் அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராகச் சேர உத்தரவு வந்துவிட்டது, அடுத்த வாரத் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும் என்றாய். கோயம்புத்தூரில் அந்த மருந்துக் கம்பெனி பையைத் தூக்கிக்கொண்டு நீ டாக்டர்கள் வாசலில் காத்துக் கிடந்த வருஷங்களை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் வழக்கம்போல "நல்லது" என்று ஒரு வார்த்தையோடு முடித்துக்கொண்டார். பிறகு நீ கேட்டாய்: "அம்மா, உன் நோட்ஸ் கட்டு பரண்ல இருக்குல்ல? எடுத்து வையி. சனிக்கிழம வாரேன், வாங்கிக்கிறேன்." எனக்கு அப்படி ஒரு பெருமை. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. என் கையெழுத்தை இனி யார் படிக்கப் போகிறார்கள் என்று இருந்தேன். போனை வைக்கப் போகும்போது நீ சொன்னாய்: "பரிணாமம் மட்டும் வேணாம்மா. அத நானே எழுதிக்கிறேன்." சரிப்பா என்று போனை வைத்துவிட்டேன். குழம்பு அடிபிடித்துவிட்டது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தியவளிடம் ஒரு பாடத்தை மட்டும் வேண்டாம் என்கிறானே, துரைக்கு என்ன தெரியும் என்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே திட்டினேன். தேய்க்கத் தேய்க்கக் கோபம் இறங்கிவிட்டது. உனக்கு ஏன் அது வேண்டாம் என்று எனக்குத் தெரியும். தெரியாதவள்போல இத்தனை காலம் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். அதைத்தான் எழுதப் போகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். முழங்கால் வலியில் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுத முடியாமல் எழுந்து எழுந்து எழுதுகிறேன். உன் பள்ளியில் மற்ற ஆசிரியர்கள் யாராவது எடுத்துப் படித்தாலும் பரவாயில்லை. அவர்களிலும் என்னைப் போன்றவர்கள் இருப்பார்கள்.

அந்த நோட்ஸ் எப்படி உருவானது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் 'டீச்சர் நோட்ஸ்' என்று அட்டை போட்டே விற்றார். அதைப் படித்தால் பாஸ் ஆகிவிடலாம் என்று எங்கள் பள்ளியில் சேராத பிள்ளைகள்கூட வாங்கிப் போனார்கள். நானும் அதில் மயங்கித்தான் இருந்தேன். பரிணாமப் பாடம் புத்தகத்தில் பின்னால் வரும். நாங்கள் அங்கே வந்து சேரும்போது அரையாண்டுத் தேர்வு முடிந்து, திருப்புதல் தொடங்கி, பிள்ளைகளும் நாங்களும் நார்நாராகிப் போயிருப்போம். இரண்டு பீரியடில் முடித்துவிடுவேன். அதிலும் பாதி நேரம் குரங்குச் சிரிப்பில் போய்விடும். ஒவ்வொரு வருஷமும் ஒருவன் எழுந்து, "டீச்சர், அப்ப சிறுமலைல இருக்கிற கொரங்கு ஏன் இன்னும் மனுசனாகல?" என்று கேட்பான். "நீ ஒருத்தன் ஆனது பத்தாதா?" என்பேன். வகுப்பு ஓவென்று சிரிக்கும். அந்தச் சிரிப்பிலேயே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. ஒரு பாட்டன் வழியில் பிரிந்து வந்த இரண்டு வீடு, அது அந்த வீடு, நாம் இந்த வீடு என்று சொல்லியிருந்தால் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். அதைச் சொல்லக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

ஒருமுறை ஒரு பெண் வகுப்பு முடிந்து என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். "டீச்சர், இத எழுதுனா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிருமா?" என்றாள். கண்ணில் பயம். என்னோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றுதான் அந்தப் பிள்ளை வந்தது. நான் நோட்டுக் கட்டை அடுக்கிக்கொண்டே, "மார்க்குக்கு எழுதும்மா. வீட்டுக்குப் போனா மறந்துரு" என்றேன். நல்ல பிள்ளை, தலையாட்டிவிட்டுப் போனாள். முழு மார்க்கும் வாங்கினாள். எதை மறக்கச் சொன்னேன், எதை நம்பச் சொன்னேன் என்று எனக்கே தெரியாமல் அவளை அனுப்பிவிட்டேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியவில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். இயற்கைத் தேர்வுக்கு நான் கொடுத்த எடுத்துக்காட்டு உனக்கு மனப்பாடமாக இருக்கும். 'பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கம் அவற்றின் சந்ததிக்கும் வருகிறது.' புத்தகத்தில் சரியாகத்தான் இருந்தது. அதைச் சுலபமாக்குகிறேன் என்று நான்தான் இப்படி எழுதினேன். நம் பக்கத்தில் எல்லோர் வாயிலும் இருக்கிற பேச்சு இது. உரக்கடைக்காரர் சொல்வார், மருந்தடிக்கிற ஆள் சொல்வார், தாத்தா சொல்வார்: 'புழு பழகிருச்சு.' நானும் வயல்காட்டிலிருந்து வந்தவள்தானே. அந்தப் பேச்சு என்னோடு காலேஜுக்கு வந்து, என்னோடு பரீட்சை எழுதி, என்னோடு வேலைக்கும் வந்துவிட்டது. டிகிரி வாங்கியும் அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. நானும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

நீ பன்னிரண்டாவது படித்த வருஷம், ஜனவரியில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். பள்ளிக்கூடத்தில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலேயே உனக்குச் சொல்லி வைத்திருந்தேன். நீ ஒரு நாளும் மாற்றிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கையைத் தூக்கினாய். "டீச்சர், ஒரு புழு மருந்தக் குடிச்சுப் பழகினா, அது போடுற முட்டைக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் அந்த நிமிஷம் எனக்குப் புரியவில்லை, எரிச்சல்தான் வந்தது. "இது பரீட்சைக்கு வராது, உக்காரு" என்றேன். நீ உட்காரவில்லை. "இல்ல டீச்சர், பழகாமயே இருக்கலாம்ல? முதல்லயே சிலதுக்கு மருந்து ஏறாம இருந்து, மத்ததெல்லாம் செத்து, அந்தச் சிலது மட்டும் பெருகியிருந்தா..." என்று இழுத்தாய். "அப்ப நீயே இங்க வந்து நடத்து, நான் அங்க வந்து உக்காந்துக்கிறேன்" என்று சாக்பீஸை உன் பக்கம் நீட்டினேன். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். டீச்சர் மகனுக்கு டீச்சரே கொடுத்த அடி என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். நீ உட்கார்ந்தாய். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி நீ பேசவில்லை, நானும் பேசவில்லை. அதன்பிறகு அந்த வருஷம் முழுக்க நீ என் வகுப்பில் கை தூக்கியதே இல்லை. பையன் அடக்கமாகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன், பார்த்துக்கொள்.

அதே மாசம்தான் உன் மாமா வந்தான். நிலக்கோட்டையில் அவனுக்கு அரை ஏக்கர் மல்லிகை இருந்தது, உனக்குத் தெரியும். லீவு விட்டால் நீ அங்கேதான் கிடப்பாய். மொட்டுப்புழு விழுந்து மொட்டெல்லாம் ஊதாவாகி வெம்பிக்கொண்டிருந்தது. கையில் நாலு மொட்டை எடுத்து வந்து நம் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். "மருந்து கேக்க மாட்டேங்குதுக்கா. போன வருசம் இதே மருந்துதான், சுத்தமா நின்னுச்சு. முதுகு டேங்குக்கு ரெண்டு மூடி மருந்து, அளவு மாத்தல" என்றான். உரக்கடைக்காரரைக் கேட்டால் வியாபாரத்துக்குச் சொல்வார், அக்கா சயின்ஸ் டீச்சர், அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று பஸ் ஏறி வந்திருக்கிறான். நான் விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்: "ரெண்டு மூடிக்குப் புழு பழகிருச்சுடா. நாலு போடு. வாரத்துக்கு ரெண்டு தடவ அடி. அது பழகுறதுக்கு நேரமே குடுக்காத." இந்த நாலு வாக்கியத்தையும் எத்தனையோ தடவை திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், அப்பு. என் குரலிலேயே கேட்கிறது.

நினைத்துப் பார். பழகுவது உண்மை என்றால் நான் சொன்னது நல்ல யோசனைதான். ஆனால் எந்தப் புழுவும் எதற்கும் பழகவில்லையே. ஆயிரம் புழுவில் ஏதோ ஒன்றிரண்டு பிறக்கும்போதே அந்த மருந்து தாங்குகிற உடம்போடு பிறந்தவை. இரண்டு மூடி மருந்து மற்றதையெல்லாம் கொன்று அவற்றுக்குத் தோட்டத்தைக் காலி செய்து கொடுத்தது. அடுத்த தலைமுறை முழுக்க அவற்றின் பிள்ளைகள். நாலு மூடி போட்டபோது புழுவைத் தின்கிற சிலந்தியும் குளவியும்தான் முதலில் செத்தன. புழு மறுபடியும் வந்தது. உன் மாமா ஆறு மூடி போட்டான். இன்னொரு மருந்தையும் கலந்தான். அக்கா நேரமே கொடுக்காதே என்றாளே. முகத்தில் துண்டை மட்டும் கட்டிக்கொண்டு, காற்று எதிரே அடிக்கிற காலையில், முதுகில் டேங்கோடு செடிக்கு நடுவில் விழுந்தான். வாயில் நுரை தள்ளியது என்று அத்தை போனில் அலறியது உனக்கும் கேட்டிருக்கும். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். உயிர் வந்துவிட்டது. வலது கால் வரவில்லை. இழுத்துத்தான் நடக்கிறான். மல்லிகைக்கு நாள் தவறாமல் விடியுமுன்னே குனிந்து மொட்டெடுக்க வேண்டும், இவனால் முடியவில்லை. செடியைப் பிடுங்கிவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டான். இப்போது பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையில் தராசு முன்னால் உட்கார்ந்து மற்றவர்கள் பூவை நிறுத்துக்கொண்டிருக்கிறான்.

அப்போதுகூட நான் தப்புச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. பாதுகாப்பில்லாமல் அடித்தான், அதனால் வந்தது என்று எல்லோரையும்போல நானும் சொன்னேன். அந்த ஏப்ரலில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போனேன். வேறு மாவட்டத்துத் தாள்கள். முதல் தாளில் ஒரு பிள்ளை எழுதியிருந்தது: 'பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன.' முழு மார்க் போட்டேன். இரண்டாவதிலும் அதே. என் நோட்ஸ் இவ்வளவு தூரம் போகவில்லை. அங்கேயும் என்னைப் போல ஒரு டீச்சர் இருந்திருக்கிறாள். முதன்மைத் தேர்வாளர் வந்து, "டீச்சர், விடைக்குறிப்பப் பாருங்க. பழகுறதுன்னு எழுதியிருந்தா மார்க் கெடையாது" என்றார். பார்த்தேன். 'ஏற்கெனவே எதிர்ப்புத்திறன் கொண்டவை பிழைத்து இனப்பெருக்கம் செய்கின்றன.' வகுப்பில் நீ இழுத்துச் சொன்னது இதுதானே. சிவப்பு மையால் அந்த மார்க்கை அடித்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் நாலு மூடி என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்து மேஜை டீச்சர், "பிரஷரா?" என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. அடுத்த வருஷம் வகுப்பில் சரியானதைச் சொன்னேன்; வேகமாக, முன்னே தப்பாகச் சொன்னேன் என்று காட்டிக்கொள்ளாமல். நோட்ஸைத் திருத்தவில்லை. திருத்தினால் ஏன் என்று யாராவது கேட்பார்களே. ஜெராக்ஸ் கடையில் பழைய பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. உன் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவன் காலை இழுத்துக்கொண்டு நம் படியேறும்போதெல்லாம் சமையலறைக்குள் போய்விடுவேன், காபி போடுகிற சாக்கில். இப்படிப் பதின்மூன்று வருஷம். ஒன்றைச் சொல்லாமல் இருப்பது அம்புட்டு அலுப்பான வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பாடம் நடத்தியதைவிட அதில்தான் நான் அதிகம் களைத்துப்போனேன்.

நீ போனில் அப்படிச் சொன்ன பிறகு என்னால் இருக்க முடியவில்லை. புதன்கிழமை நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். சந்தை கலைந்து, தரையெல்லாம் உதிரிப்பூ மிதிபட்டுக் கிடந்தது. உன் மாமா கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். "என்னக்கா, முட்டிய வச்சுக்கிட்டு இம்புட்டு தூரம்?" என்று அவன் ஸ்டூலை எனக்குப் போட்டான். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மூடி போடச் சொன்னது தப்பு, அளவைக் கூட்டியிருக்கவே கூடாது, எனக்கு அந்த ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது, பயந்துகொண்டு சொல்லவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுதேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும்க்கா" என்றான்.

"எப்படிடா தெரியும்?"

"ஓம் மகன் அப்பவே சொன்னான். நான் நாலு மூடி ஊத்துறதப் பாத்துட்டு வந்து டேங்கப் புடிச்சு இழுத்தான். 'வேணாம் மாமா, அம்மா சொல்றது தப்பு. புழு பழகல. சாகாததுதான் பெருகியிருக்கு, நீ கூட்டக் கூட்ட அதுக்குத்தான் வசதி'ன்னு என்னென்னமோ சொன்னான். நான்தான், 'ஏலே, ஒங்கம்மா டீச்சர்டா. நீ படிக்கிற பய. போயி மொட்டெடு'ன்னு வெரட்டி விட்டேன்."

"இத்தன வருசமா எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப அவன்தான் சொன்னான். 'அம்மாட்ட சொல்லிராத மாமா, தாங்காது'ன்னு. சின்னப் பய, கட்டிலப் புடிச்சுக்கிட்டு அழுதான். சரின்னுட்டேன். சொன்ன சொல்லக் காப்பாத்தணும்லக்கா." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கால் இருந்தாலும் இந்த மல்லிகையோட மல்லுக்கட்டி எப்பவோ சலிச்சிருப்பேன். விடு" என்றான். அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். செடியைப் பிடுங்கிய அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை என்று அத்தை சொல்லியிருக்கிறாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். உனக்கு விடை தெரிந்திருந்தது. மாமாவிடம் போய்ச் சொல்லத் தைரியமும் இருந்தது. என்னிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. நீ என்னிடம் வந்து, 'அம்மா, மாமாவை நிறுத்தச் சொல்லு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் என் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருப்பான். ஏன் வரவில்லை என்று உன்னைக் கேட்கமாட்டேன். வருவதற்கு வழி வைத்தேனா நான்? சாக்பீஸை நீட்டி நாற்பது பேரைச் சிரிக்க வைத்தேனே. அதை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன். மன்னிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, என் தப்பு எது என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன் என்பது உனக்குத் தெரிந்தால் போதும்.

புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் இரண்டு வார்த்தை. நீ போகிற ஊர் வானம் பார்த்த பூமி. உன் முன்னால் உட்காரப் போகிற பிள்ளைகளின் வீட்டில் கடலைக்கும் பருத்திக்கும் மருந்தடிப்பார்கள். புத்தகத்தில் வருகிற ஒட்டகச்சிவிங்கி கழுத்தெல்லாம் அவர்களுக்கு எதற்கு? புழுவைச் சொல். நீ காலையில் சொல்கிற வாக்கியம் சாயங்காலமே அவர்கள் வயலுக்குப் போய்விடும். யாராவது ஒரு அப்பன் அதைக் கேட்டு மூடியைத் திறப்பான். இந்தப் பாடத்தைக் கடைசி இரண்டு பீரியடுக்குத் தள்ளாதே. நீயும் களைத்துப்போவாய். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, ஆன்லைனில் ஏற்றுகிற வேலை என்று உன்னைப் பிழிந்துவிடுவார்கள். களைத்திருக்கும்போது ஒருவன் கை தூக்கினால், 'எனக்குத் தெரியலப்பா, நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்' என்று சொல்லிவிடு. அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. முப்பத்தோரு வருஷத்தில் அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை.

நோட்ஸ் கட்டு உன் கட்டில்மேல் இருக்கிறது. பரிணாமத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறேன், நீ வேண்டாம் என்றாலும். அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். கீழே நான் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டியதை நீ எழுது. அந்தப் பக்கத்தை இனிப் போட வேண்டாம் என்று ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். "இத்தன வருசம் கழிச்சா டீச்சர்?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன்.

கடைசியாக ஒன்று. இதை அம்மாவாகச் சொல்லவில்லை, உன்னை உட்காரச் சொன்ன டீச்சராகச் சொல்கிறேன். எழுந்திரு. நீ கேட்டாயே, பழகிய பழக்கம் முட்டைக்கு எப்படி வரும் என்று. வராது, அப்பு. நீ சொன்னதுதான் சரி.